குச்சவெளிக்கு ஒரு ஹயர்

நான்தான் கொண்டுபோய் இறக்கினேன்.
அக்காவுக்கு இது இன்னும் தெரியாது.
பஸ்ஸில் போனாய் என்றுதான் நினைத்திருக்கிறாள்.
ஒரு வருடமும் நாலு மாதமுமாய்
யாரோ ஒரு டிரைவருக்குச் சாபம் விழுகிறது,
எனக்குச் சேரவேண்டியது.

உயர்தரப் பெறுபேறு வந்து பதினொரு நாள்.
உன் மடியில் ஒரு துணிப்பை.
நிலாவெளி தாண்டும்வரை வாய் திறக்கவில்லை நீ.
இறக்கக்கண்டிப் பாலத்தில்தான்
“மாமா, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ.”
தண்ணீரைப் பார்த்தாய்.
இடுப்பளவு ஆழத்தில் ஒரு ஆள் வலையை உதறினான்.
ஒன்றும் விழவில்லை அவனுக்கு, நீ சிரித்தாய்.

சாமி கும்பிடப் போகிற பிள்ளையை
மறிக்கிற மாமன் உண்டா, மிதுர்ஷா?
விடிய எழும்பிப் பாடுவார்கள்,
பயற்றங்கொடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள்,
ஒரு மாதம், கூடிப்போனால் இரண்டு,
அலுத்துப்போய் வந்துவிடுவாள் என்று
கணக்குப் போட்டேன்.
கணக்குப் படித்தவள் நீ.

கேற்றடியில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.
உள்ளே யாரும் போடுவதில்லையாம்.
பின்சீட்டுக்குக் கீழே வைத்தாய்,
“வீட்ட குடுத்திடுங்கோ.”
பிறகு காசை நீட்டினாய்.
ஒருவருக்கும் கடன் வைக்காமல் வரவேண்டுமாம் அங்கே.
வாங்கினேன்.
அன்றைக்கு அது பெற்றோலுக்குச் சரியாய் இருந்தது.

நாற்பதாம் நாள் திரும்ப வந்தேன்,
மாலுபாண் நாலு, பார்சலில் சூடு ஆறமுதல்.
கேற்றில் நின்ற பெடியனுக்கு உன் வயதிருக்கும்.
உதடு வெடித்திருந்தது.
“பதினாலாம் சுடர் இப்ப மௌனத்தில.”
தம்பி, நான் சுடரைப் பார்க்க வரவில்லை,
மிதுர்ஷாவைப் பார்க்க வந்தேன்.
“அப்பிடி ஒருத்தரும் இங்க இல்லை.”
பார்சலைப் பார்த்தான்.
பிறகு, பார்க்காதவன்போல, மறுபடியும் பார்த்தான்.
அதிலேயே விளங்கியிருக்க வேண்டும் எனக்கு.

வரும் வழியில் ஓரங்கட்டி
நாலையும் நானே தின்றேன்.
பசியில்லை.
வீணாகக்கூடாதே என்று.

அவர்களின் ஐயா
மூன்று நாள் முந்தியே கொழும்புக்குப் போய்விட்டாராம்.
வழியில் ஒரு கடையில் இறங்கி
சோறும் மீனும் சாப்பிட்டதாகக் கடைக்காரன் சொன்னான்.
இரண்டாம் முறை குழம்பு கேட்டாராம்.

பொலிசிடம் இருந்த கொப்பியில் பெயரே இல்லை,
ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை எண்கள்.
ஆஸ்பத்திரியில்
முகங்களால் பயனிருக்கவில்லை.
கால்மாட்டிலேயே நடந்துபோனேன்.
வெறுங்காலாய் நடந்த கால்கள்,
எல்லாம் ஒரேமாதிரி வெடித்து, ஒரேமாதிரி மெலிந்து.
என் சைக்கிள் செயினில் அகப்பட்டு
ஆறு வயதில் கறுத்துப்போன உன் சுண்டுவிரல் நகம்
இன்னும் கறுப்பாகவே இருந்தது.
“இதுதான்” என்றேன்.
எழுதுகிறவர் கேட்டார், என்ன நம்பர்?
பெயரைச் சொன்னேன்.
எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

முப்பத்தோராம் நாள் கன்னியாவில்
கிணறு கிணறாய் அள்ளி ஊற்றினோம்.
அக்கா வாளியைப் பாதியில் வைத்துவிட்டுச் சொன்னாள்:
“இது சுடுது.
என்ரை பிள்ளைக்கு
ஒரு செம்பு பச்சைத்தண்ணி குடுக்க
அந்த வளவுக்குள்ள ஒருத்தர் இல்லாமப் போச்சே.”
கிணற்றுக்கட்டில் தலையை முட்டினாள்.
அவளைப் பிடித்துக்கொண்டேன்.
அப்போதும் சொல்லவில்லை.

செருப்பு இன்னும் பின்சீட்டுக்குக் கீழேதான்.
இது யாருடையது என்று ஏறுகிறவர்கள் கேட்பார்கள்.
யாரோ விட்டுட்டுப் போனது என்பேன்.

நேற்றிரவு பஸ் நிலையத்தில் ஹயருக்கு நின்றேன்.
குப்பை கிளறிக்கொண்டிருந்த மான்களில் ஒரு குட்டி
ஓட்டோவுக்குள் தலையை விட்டு
செருப்பு வாரைச் சப்பிக்கொண்டிருந்தது.
உப்பு இருந்திருக்கும்.
கொஞ்ச நேரம் விட்டுவிட்டேன்,
ஏதோ ஒரு வாயாவது தின்னட்டும் என்று.
பிறகு பறித்தெடுத்தேன்.
வார் ஈரமாயிருந்தது.

அக்கா வீட்டில் லைற் எரிந்தது.
அந்த ஒழுங்கையால் மூன்று தரம் போனேன்.
மூன்றாம் தரம் அவளே கதவைத் திறந்து
“ஆர் அது?” என்றாள்.